லஞ்ச் மேசையில் கட்சி பேசலாமா?

தம்பி, இந்த 2024 ஆகஸ்டில் ஹெச்-1பி வேலை விசாவில் பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் வந்து சேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆபீஸில் மதியம் உட்கார்ந்தாலே அதிபர் தேர்தலில் நிற்கும் ட்ரம்ப், கமலா ஹாரிஸ் பேச்சுதான், சும்மா இருந்தால் ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கிறது, நானும் கலந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பழைய கார், வாடகை, பனிக்கால டயர், லைசென்ஸ் என்று நான்கைந்து கேள்விகள். கார், டயர் பற்றிச் சொல்ல உங்கள் டீமிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். முதல் கேள்விக்கு நான் பதில் எழுதியே ஆக வேண்டும். 2000-ஆம் வருடம் இதே ஊரில், இப்படி ஒரு லஞ்ச் மேசையில்தான் நான் வாயைத் திறந்தேன்.

நானும் ஆகஸ்டில் வந்தவன்தான். கூட்டிவந்த கன்சல்டிங் கம்பெனி இரண்டு மாதம் புராஜெக்ட்டும் சம்பளமும் இல்லாமல் 'பெஞ்சில்' வைத்திருந்தது. மன்ரோவில்லில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட், அதில் ஐந்து பேர். ஹாலில் பாய் விரித்துப் படுத்த மூவரில் நான் ஒருவன். அக்டோபரில் ஒரு புராஜெக்ட் கிடைத்தது, ஆனால் கார் கிடையாது. டீமில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், "என் வழிதான்" என்று தினமும் காலையும் மாலையும் ஏற்றிக்கொண்டார். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் வாங்க மாட்டார்.

நவம்பர் 7 தேர்தல். அன்று ராத்திரி டிவிக்காரர்கள், முடிவைத் தீர்மானிக்கிற ஃப்ளோரிடா மாநிலத்தை முதலில் அல் கோருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கினார்கள். பிறகு ஜார்ஜ் புஷ்ஷுக்குக் கொடுத்து அதையும் திரும்ப வாங்கினார்கள். மறுநாள் மதியம் எனக்கு மதுரை டீக்கடையில் இருக்கிற மாதிரியே இருந்தது. எங்கள் தெருவில் எந்த வீடு சூரியன், எந்த வீடு இலை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓட்டு எண்ணுகிற அன்று சட்டையைப் பிடிக்கிற மாதிரி கத்துவார்கள், சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அவரைப் பார்த்து, "நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டேன். மேசையே அமைதியானது. அவர் பதில் சொல்லாமல் சாண்ட்விச்சைச் சாப்பிட்டார். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல், இரண்டு வேட்பாளர்களில் ஒருவரைப் பற்றிப் பேப்பரில் படித்ததையெல்லாம் கொட்டி, அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் யோசிக்கத் தெரியாதவர்கள் என்றும் சொல்லிவிட்டேன். அப்போது நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்று மாதம்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஏற்றிக்கொள்ள முடியாது என்று மரியாதையாகச் சொன்னார். ரூட் 22 ஓரமாக, நடைபாதை இல்லாத இடத்தில், பஸ் ஸ்டாப்புக்கு 25 நிமிட நடை. மதுரையில் வாங்கிய ஸ்வெட்டர் அந்தக் குளிருக்குப் போதவில்லை. டிசம்பர் 12 ராத்திரி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, ஃப்ளோரிடாவில் புஷ் 537 ஓட்டில் ஜெயித்த கணக்கு நிலைத்தபோது நான் காய்ச்சலில் படுத்திருந்தேன்.

எங்களை மறுபடி பேச வைத்தது அமெரிக்க ஃபுட்பால். 2001 பிப்ரவரியில் த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே திரண்டு பார்த்தது, நானும் போய் நின்றேன். திங்கட்கிழமை அதை ஆபீஸில் சொன்னேன். அவர் தன் நாற்காலியை என் பக்கம் திருப்பி, எழுபதுகளில் அப்பாவோடு அங்கே எங்கள் ஊர் ஃபுட்பால் டீமான ஸ்டீலர்ஸின் மேட்ச் பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஏப்ரலில் ஒருநாள் ஹோம்ஸ்டெட்டுக்குக் கூட்டிப்போனார். இப்போது வாட்டர்ஃபிரண்ட் என்ற ஷாப்பிங் வளாகம் இருக்கிறதே, அதே இடம். அங்கே வரிசையாகப் பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகள் நிற்கும். நீங்கள் சினிமாவுக்குப் போகும்போது பார்ப்பீர்கள். அது ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்த்த ஸ்டீல் மில். 1986-இல் மூடினார்கள். அவருடைய அப்பா அங்கே முப்பது வருடம் வேலை பார்த்தவர். இதற்கு எந்தக் கட்சி காரணம் என்ற சண்டையில் அப்பாவும் சித்தப்பாவும் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லையாம். "எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஓட்டுப் பேச்சு எடுக்க மாட்டோம்" என்றார். நான் அவரிடம் கேட்ட கேள்வி அவர் வீட்டில் எங்கே போய்க் குத்தியது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதனால் என் பதில்: காது கொடுத்துக் கேளுங்கள், கட்சி சொல்லாதீர்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று யாரிடமும் கேட்காதீர்கள். இங்கே அது சம்பளம் கேட்பதைவிட மோசம். பேச்சுச் சுதந்திரம் இருக்கிறதே என்பீர்கள். அரசியல் சட்டம் தரும் அந்தச் சுதந்திரம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது, தனியார் முதலாளியின் கையைக் கட்டாது. விசாவே வேலையில் தொங்கும்போது இதை மறக்கக் கூடாது. தேர்தல் எப்படி நடக்கிறது, எலெக்டோரல் காலேஜ் என்றால் என்ன என்று கேளுங்கள். எந்தக் கட்சிக்காரரும் சந்தோஷமாக விளக்குவார். அப்படிக் கேட்டுத்தான் நான் இந்த ஊரைக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு ஸ்டீலர்ஸ் பற்றிப் பேசினால் இங்கேயே பிறந்தவரோடு சமமாக என்னால் பேச முடியும். அதில் எனக்குப் பெருமை உண்டு.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. இந்த மாதம் இந்திய மளிகைக்கடை வாசலிலும் கோயில் திருவிழாவிலும் கையில் அட்டையோடு சிலர் நிற்பார்கள். "வாக்காளராகப் பதிவு செய்துவிட்டீர்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் உங்கள் விசா விஷயம் அவர்களுக்குத் தெரியாது. "நான் குடிமகன் இல்லை" என்று சொல்லிவிட்டு நகருங்கள். லைசென்ஸ் எடுக்கப் போகும்போதும் கவனம். 2023 செப்டம்பரிலிருந்து பென்சில்வேனியாவில் லைசென்ஸ் எடுப்பவர்களில் ஓட்டுப் போடத் தகுதியுள்ளவர்களைத் தானாகவே வாக்காளராகப் பதிவு செய்கிறார்கள், வேண்டாதவர்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உங்களைப் போல விசாவில் இருப்பவர்கள் அதில் வரக்கூடாதுதான், இருந்தாலும் ஒவ்வொரு திரையையும் படிக்காமல் பட்டனை அழுத்தாதீர்கள். குடிமகன் அல்லாதவர் இந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டால் ஒரு வருடம் வரை சிறை. குடிமகன் என்று பொய்யாகக் கையெழுத்துப் போட்டால் நாடு கடத்தலாம், கிரீன் கார்டும் கனவாகிவிடும். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று படிவத்திலேயே கேட்பார்கள்.

நன்கொடையும் அப்படித்தான். ஐந்து டாலர் கொடுங்கள் என்று போனில் மெசேஜ் வந்தபடி இருக்கும். விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, கிரீன் கார்டு வந்த பிறகுதான் கொடுக்கலாம். வேட்பாளரின் பிரசார வலைத்தளத்தில் தொப்பியோ சட்டையோ வாங்கினாலும் அது நன்கொடைக் கணக்கில்தான் சேரும். போன மாதம் ஒரு பையன் அப்படிச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போட்டோ போட்டிருந்தான். உடனே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

நியூ ஜெர்சி எடிசனிலும் கலிபோர்னியாவிலும் இருக்கும் நம் ஆட்கள், "எங்கள் ஆபீஸில் எல்லாரும் வெளிப்படையாகப் பேசுவோமே" என்பார்கள். அங்கே முடிவு முன்கூட்டியே தெரியும், பக்கத்தில் இருப்பவரும் பெரும்பாலும் அதே கட்சியாக இருப்பார். பென்சில்வேனியா அப்படி இல்லை. 2016-இல் ட்ரம்ப் இங்கே ஜெயித்தது ஏறக்குறைய 44,000 ஓட்டில். 2020-இல் பைடன் ஜெயித்தது ஏறக்குறைய 80,000 ஓட்டில். எலெக்டோரல் காலேஜ் என்பது மாநிலவாரியாக ஓட்டு ஒதுக்கி அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறை; அதில் 270 ஓட்டு வாங்கினால் அதிபர் என்ற கணக்கில் எங்கள் மாநிலத்திடம் 19 இருக்கிறது. அதனால்தான் இரண்டு பேரும் வாரம் தவறாமல் இங்கே வந்து நிற்கிறார்கள், டிவியில் சோப்பு விளம்பரத்துக்குக்கூட இடமில்லை. ஜூலையில் ட்ரம்ப்பைச் சுட்டார்களே, அந்த பட்லர் என்ற ஊர் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. எங்கள் தெருவில் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் யாரும் வெளியே வரவில்லை. உங்கள் மேசையில் எட்டுப் பேர் இருந்தால் நான்கு பேர் இந்தப் பக்கம், நான்கு பேர் அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கமலாவின் அம்மா சென்னையில் பிறந்தவர், தாத்தாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம், ஆகையால் தமிழர் எல்லாரும் ஒரு பக்கம்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். விவேக் ராமசாமி குடும்பம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், அவர் அதிபர் வேட்பாளராக முயன்றது எதிர்ப்பக்கமான ட்ரம்ப் கட்சியில். ரத்தத்தை வைத்து ஓட்டைக் கணக்குப் போட முடியாது. இன்னொரு வகை உண்டு, அவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம். கிரீன் கார்டு கைக்கு வந்ததும், இனிமேல் யாரும் வரக் கூடாது என்று பேசுவார்கள். வேலை வழியாக வரும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதம்தான். அந்த விதியால் நான் ஏழு வருடம் காத்திருந்தேன். இன்றைக்கு விண்ணப்பிக்கும் இந்தியப் பிள்ளைகளுக்கு ஏழு வருடம் என்பதே பெரிய வரம். வரிசையில் நின்று கால் வலித்தவன் பின்னால் நிற்பவனை இப்படிப் பேசலாமா?

2016-இல்தான் நான் முதல் ஓட்டுப் போட்டேன், தீயணைப்பு நிலைய ஹாலில். யாருக்கு என்று வீட்டில் மட்டும் தெரியும்.

மன்ரோவில்லில் அந்த ஹாலில் பாய் விரித்தோமே, அதில் என் பக்கத்தில் படுத்தவன் ஒருவன். திண்டுக்கல்காரன். அவன் அம்மா மாதாமாதம் பருப்புப் பொடி அனுப்புவார், ஐந்து பேருக்கும் தனித்தனிப் பொட்டலம், ஒவ்வொன்றிலும் பேர் எழுதி. இருபது வருடம் ஒருவர் வீட்டில் ஒருவர் தீபாவளி கொண்டாடினோம். 2020-இல் இங்கே தபால் ஓட்டை எண்ண நாலு நாள் ஆயிற்று, தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன் உறையைப் பிரிக்கவே சட்டம் விடாது. அந்த நாலு நாளில் ஃபிலடெல்பியா எண்ணிக்கை பற்றி வாட்ஸ்அப்பில் அவன் ஒன்று போட்டான், நான் ஒன்று போட்டேன். சனிக்கிழமை முடிவு வந்தபோது இரண்டு பேரும் எழுதக் கூடாததையெல்லாம் எழுதியிருந்தோம். அடுத்த சனிக்கிழமை தீபாவளி, அவனிடமிருந்து போன் வரவில்லை, நானும் செய்யவில்லை. மறு வருடம் கோவிடில் அவன் அம்மா போய்விட்டார். எனக்கு அது இரண்டு வாரம் கழித்து, கோயிலில் வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்குக்கூட நான் போன் செய்யவில்லை, தம்பி.

இந்த வருடம், 2024-இல், தீபாவளி அக்டோபர் 31, தேர்தல் நவம்பர் 5. நடுவில் வரும் சனிக்கிழமை தீபாவளி விழா. அவன் வருகிறான் என்று கேள்விப்பட்டேன். நானும் போகிறேன். நீங்களும் வாருங்கள். அதற்குள் கார் வாங்கவில்லை என்றால் எந்த ஏரியா என்று மட்டும் சொல்லுங்கள், வந்து ஏற்றிக்கொள்கிறேன்.