அப்பா பெயரில் ஊரில் வீடு, நமக்கு வீட்டுத் திட்டம் கிடைக்குமா?

திருவையாறு பக்கம் அப்பா பெயரில் உள்ள ஓட்டு வீட்டைக் காட்டி, கும்பகோணத்தில் வாடகைக்கு இருக்கும் உங்களுக்கு அரசு வீட்டுத் திட்டத்தில் தகுதி இல்லை என்றார்கள் அல்லவா? அது மட்டும் காரணமென்றால் தகுதி போகாது. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் (நகர்ப்புறம்) 2.0-இல் குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள்தான். உங்களுக்குத் திருமணமாகிவிட்டது, அப்பா தனிக் குடும்பம்.

சிக்கல் ரேஷன் கார்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே கார்டில் அப்பா பெயரும் உங்கள் பெயரும் இருந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும். பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்குங்கள்.

அப்புறம், அந்த வீட்டுமனைப் பட்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தாத்தா காலத்துச் சொத்தென்றால் கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். இருந்தால் அந்தச் சொத்தில் உங்களுக்கும் பங்கு என்றாகும், கதை வேறு. மாநகராட்சியில் பட்டா நகலோடு கேளுங்கள்.

ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் என்றால் நலிந்த பிரிவு, 6 லட்சம் வரை குறைந்த வருமானப் பிரிவு. ஒன்று மட்டும்: கடந்த 20 ஆண்டுகளில் நீங்களோ மனைவியோ எந்த அரசுத் திட்டத்திலாவது வீடு வாங்கியிருந்தால், மேலே சொன்னது எதுவும் உதவாது.