தலைப்பாகையும் கோட்டைக் கதவும்: 1806 வேலூர் பற்றி வாசகர் கேள்விகள்

ஒரு தலைப்பாகைக்காகவா இவ்வளவு பேர் செத்தார்கள்? (குடியாத்தம் வாசகர்)

'தலைப்பாகை' என்ற ஒற்றைச் சொல்லோடு பாடத்தை முடித்துவிடுவதால் வரும் சந்தேகம் இது. 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் பிரிட்டிஷாருக்கு எதிராக எழுந்ததற்குப் பின்னால் இருந்த உடை ஆணையை முழுசாகப் பாருங்கள். 1805 நவம்பரில் வந்த புதிய தலைப்பாகை வெள்ளைக்காரர் தொப்பியின் சாயலில் இருந்தது. அதில் தோல் குஞ்சம் வேறு. பசுத்தோலா பன்றித்தோலா என்ற சந்தேகம் இந்து, முஸ்லிம் இருவரையும் ஒரே நேரத்தில் தொட்டது. அடுத்து வந்த நிலையாணையின் 10ஆவது பத்தி நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி மழித்திருக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றது. துப்பாக்கிக்கான திருப்புளியை மார்பில் மாட்டச் சொன்னார்கள்; அது சிலுவை போலத் தெரிந்தது. 'தொப்பிக்காரன்' என்றாலே பறங்கி என்று பொருள்பட்ட காலம். இவை எல்லாம் சேர்ந்தபோது, மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற பேச்சைப் பரப்பப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை.

அதைவிட முக்கியம், முதல் எதிர்ப்பைக் கையாண்ட விதம். 1806 மே மாதமே வேலூரில் 4ஆம் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாளம் தலைப்பாகையை மறுத்தது. ஓர் இந்து, ஒரு முஸ்லிம் என இருவருக்குக் கசையடி, வேலைநீக்கம். மன்னிப்புக் கேட்ட 19 பேரை விட்டுவிட்டு, பட்டாளத்தையே ஊர் மாற்றினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்ததுதான் தவறு. ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதி நடப்பதாக எச்சரித்தபோது, பைத்தியம் என்று பிடித்துக் காவலில் வைத்தார்கள். பிறகு அவருக்கே வெகுமதி கொடுத்தார்கள், அது வேறு விஷயம்.

திப்புவின் பிள்ளைகள்தான் தூண்டினார்களா? (சத்துவாச்சாரி வாசகர்)

இந்தக் கேள்விக்கு அன்று பதில் சொன்னவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். தலைப்பாகை ஆணையைப் பிறப்பித்த ராணுவத் தரப்புக்கு 'மைசூர் சதி' என்ற விளக்கம் மிக வசதி. விசாரணைக் குழு இரண்டையும் காரணமாகச் சொன்னது: உடை ஆணை, 1799 முதல் கோட்டைக்குள்ளேயே குடியிருந்த திப்பு குடும்பம். ஜூலை 9ஆம் தேதி திப்புவின் மகள் ஒருவரின் திருமணம்; எழுச்சியின்போது திப்புவின் புலிக்கொடி ஏறியது; அவர் மகன் பத்தே ஹைதரை அரசராக அறிவித்தார்கள். அரண்மனை ஆட்களின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் அதே உடை ஆணைக்கு ஹைதராபாத்திலும் வாலாஜாபாத்திலும் முணுமுணுப்பு எழுந்தது. அங்கே திப்புவின் பிள்ளைகள் யாரும் இல்லை! என் கணக்கில் ஆணை வெடிமருந்து, அரண்மனை திரி.

1/1, 2/1, 2/23 என்று எழுதுகிறார்களே, எப்படிப் படிப்பது? (காட்பாடி மாணவர்)

முதல் எண் பட்டாளம், இரண்டாவது ரெஜிமெண்ட். 2/23 என்றால் 23ஆம் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாளம். அன்று கோட்டையில் இருந்த மூன்று சிப்பாய்ப் பட்டாளங்களும் இவைதான், ஏறத்தாழ 1,500 பேர். எதிரே பிரிட்டிஷ் 69ஆம் ரெஜிமெண்டின் நான்கு கம்பெனிகள், 400 பேர்கூட இல்லை. மே மாதத்து 2/4ஐயும் ஜூலை மாதத்து 2/23ஐயும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னதை அனுப்பிவிட்டு அதன் இடத்தில் கொண்டுவந்ததுதான் பின்னது.

கோட்டையே கையில் இருந்தும் ஏன் ஒரு பகல்கூடத் தாங்கவில்லை? (ஆற்காடு வாசகர்)

தொடக்கம் கச்சிதமானது. வழக்கமாகக் குடும்பம் உள்ள சிப்பாய்கள் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் தூங்குவார்கள். ஜூலை 10 விடியலில் அணிவகுப்பு என்பதால் அன்றிரவு பெரும்பாலானோர் உள்ளேயே தங்கினார்கள். நடுநிசி தாண்டித் தாக்குதல் தொடங்கியது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். மருத்துவமனையில் நோயாளிகளாகக் கிடந்த வெள்ளைக்காரப் படையினரையும் கொன்றார்கள். இதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது.

பிறகுதான் கோட்டை விட்டார்கள். பலர் கொள்ளையில் இறங்க, கதவுகளைக் காக்கும் ஏற்பாடு தளர்ந்தது. வெளியே இருந்த மேஜர் கூப்ஸ் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். சுமார் 25 கிலோமீட்டர்தான்; கர்னல் கில்லஸ்பி 19ஆம் குதிரைப்படையோடு காலையிலேயே வந்துவிட்டார். நான்கு வாசல்களில் முதல் இரண்டும் திறந்தே கிடந்தன. மூன்றாவதை, மதில்மேல் தோட்டா தீர்ந்த நிலையில் ஒதுங்கியிருந்த 69ஆம் படையினர் சிலர் இறங்கித் திறந்தார்கள். கில்லஸ்பி கயிற்றில் மதிலேறி அவர்களுக்குத் தலைமை ஏற்றார். நான்காவது வாசலைக் குதிரைகள் இழுத்துவந்த இலகு பீரங்கி உடைத்தது. குதிரைப்படை உள்ளே புகுந்த பிறகு நடந்தது சண்டை அல்ல, வேட்டை. அரண்மனைக்குள் ஒளிந்த சுமார் 100 பேரை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

இறந்தவர் எத்தனை? தண்டனை யாருக்கு? (ராணிப்பேட்டை வாசகர்)

பிரிட்டிஷ் தரப்பில் அதிகாரிகள் 14, 69ஆம் படையினர் 115. சிப்பாய்களில் 350 பேர் என்பது அதிகம் எடுத்தாளப்படும் கணக்கு. 800 வரை சொல்பவர்களும் உண்டு. விசாரணைக்குப் பின் 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், 5 பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள், 8 பேருக்குத் தூக்கு, 5 பேருக்கு நாடுகடத்தல். மூன்று பட்டாளங்களையும் கலைத்தார்கள். திப்பு குடும்பம் கல்கத்தாவுக்குப் போனது. உடை ஆணை ரத்தானது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிராடக்கையும் சென்னை ஆளுநர் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. அதே பெண்டிங் 1828இல் தலைமை ஆளுநராகத் திரும்பி வந்தார்.

பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது? (வேலூர் வாசகர்)

முதலில் மக்கான் சந்திப்பு நினைவுத் தூண். ஜூலை 10 அன்று அங்கேதான் மாலை போடுகிறார்கள். பிறகு கோட்டை வாசல். வளைந்து போகும் அந்த வழியை நடந்தே கடந்தால், வாசல்களைக் காக்காமல் விட்டதன் விலை பிள்ளைகளுக்குத் தானே புரியும். உள்ளே அரசு அருங்காட்சியகம் உண்டு. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. பாலாற்றங்கரை முத்து மண்டபத்தை இதோடு சேர்த்துச் சொல்கிறார்கள் சிலர். அது கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுடையது. அவர் இங்கே இறந்தது 1832இல்.