ஆறு வயதில் அமெரிக்கா போன உமேகோ: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஆறு வயசுப் பிள்ளையைக் கப்பலேத்த எப்படித்தான் மனசு வந்தது? என் மகள் பக்கத்துத் தெருப் பள்ளிக்கே அழுதுகொண்டுதான் போகிறாள்.

பதில்: பலருக்கு மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. 1871-இல் ஜப்பான் அரசின் ஹொக்கைடோ (வடக்குத் தீவு) குடியேற்றத் துறை, பத்தாண்டு அமெரிக்காவில் படிக்கப் பெண்பிள்ளைகள் தேவை என்று அறிவித்தபோது முதலில் ஒரு விண்ணப்பமும் வரவில்லை. கடைசியில் போன ஐந்து பேரும் உள்நாட்டுப் போரில் தோற்ற ஷோகுன் (அதுவரை நாட்டை ஆண்ட படைத்தலைவர்) பக்கத்துச் சாமுராய், அதாவது போர்வீரர், வீட்டுப் பிள்ளைகள். தோற்றவர்கள் தலைநிமிர வேறு வழி குறைவு. உமேகோவின் அப்பா ட்சுடா சென் 1867-லேயே அமெரிக்காவைப் பார்த்துவிட்டு வந்தவர். டிசம்பர் 23 அன்று யோகோஹாமாவில் கப்பல் ஏறியபோது அவளுக்கு ஏழு வயது நிறைய எட்டு நாள் பாக்கி.

என்னைக் கேட்டால், கூடப் போன 11 வயது யாமகாவா சகிகோவின் கதை இன்னும் கனமானது. அனுப்புமுன் அவள் அம்மா பெயரையே ‘சுதெமட்சு’ என்று மாற்றிவிட்டார். ‘சுதெ’ என்றால் எறிவது. ‘மட்சு’ பைன் மரம். காதில் ‘காத்திருப்பது’ என்றும் விழும். எறிந்துவிட்டேன், காத்திருக்கிறேன்.

கேள்வி: செலவு யாருடையது?

பதில்: முழுக்க அரசாங்கம். கைச்செலவுக்கே ஆண்டுக்கு 800 டாலர்.

கேள்வி: போனதும் பள்ளியில் சேர்த்தார்களா?

பதில்: எங்கே! சால்ட் லேக் சிட்டியில் பனியில் ரயில் சிக்கி இரண்டு வாரத்துக்கு மேல் போயிற்று. 1872 பிப்ரவரி 29-இல்தான் வாஷிங்டன். ஐவரையும் ஒரே வீட்டில் வைத்தார்கள். தங்களுக்குள் ஜப்பானிய மொழியே பேசிக்கொண்டிருந்தால் ஆங்கிலம் எப்படி ஏறும்? மூத்த இருவர் உடம்பு சரியில்லாமல் அந்த ஆண்டே திரும்பினார்கள். மற்றவர்களைத் தனித்தனி வீடுகளுக்குப் பிரித்துவிட்டார்கள். உமேகோ ஜார்ஜ்டவுனில், பிள்ளையில்லாத லான்மன் தம்பதியிடம் வளர்ந்தாள்.

கேள்வி: தாய்மொழியே மறந்துபோச்சு என்கிறார்களே, கொஞ்சம் மிகைதானே?

பதில்: இல்லை. 1882 நவம்பரில் திரும்பியபோது பெற்ற தாயோடு பேச இடையில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. சுதெமட்சுவுக்கு அவ்வளவு மோசமில்லை. அவள் இருந்த நியூ ஹேவனிலேயே அண்ணன் கென்ஜிரோ யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். தங்கை ஜப்பானிய மொழியை விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டார். உமேகோவுக்கு அப்படி யாரும் இல்லை.

கேள்வி: திரும்பியதும் பெரிய வேலை கிடைத்திருக்குமே?

பதில்: வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஆண்களுக்குக் கிடைத்தது. இவர்களை அனுப்பிய துறையையே அந்த ஆண்டு மூடிவிட்டிருந்தார்கள். வாஸர் கல்லூரிப் பட்டத்தோடு வந்த சுதெமட்சு, 1883-இல் போர் அமைச்சர் ஓயாமா இவாவோவை மணந்தார். 1868 உள்நாட்டுப் போரில், எட்டு வயதில் சுதெமட்சு அடைபட்டிருந்த ஐசுக் கோட்டையை முற்றுகையிட்ட படையில் இருந்தவர் இந்த மாப்பிள்ளை! உமேகோ 1889-இல் மறுபடி அமெரிக்கா போய் பிரின் மார் கல்லூரியில் உயிரியல் படித்தார். தவளை முட்டை பற்றி உயிரியலாளர் மார்கனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 1894-இல் வந்தது. 1900-இல் டோக்கியோவில் 10 மாணவிகளோடு சொந்தப் பள்ளி தொடங்கினார்.

கேள்வி: புது 5000 யென் நோட்டில் இருப்பது இவரா?

பதில்: இவரேதான். 2024 ஜூலையிலிருந்து.