சேகா கம்பெனியோட பழைய வீடியோ கேம் சோனிக் 2-ஐ ஏன் இன்னும் பெஸ்ட் பார்ட் 2-னு சொல்றாங்க? முதல் கேமை விட அதுல அப்படி என்ன இருக்கு?

ஸ்பீடுனு தான் நிறைய பேர் பதில் போடுவாங்க. ஸ்பீடு உண்மை தான், அதையும் சொல்றேன், ஆனா என்னைக் கேட்டா அந்த கேமோட உயிரே டெயில்ஸ் தான். ஹீரோவான நீலக் கலர் முள்ளெலி சோனிக் பின்னாடியே ரெண்டு வாலைச் சுத்திக்கிட்டு ஓடி வருமே, அந்த நரிக்குட்டி. அதை வெறும் துணை கேரக்டரா நினைச்சு தாண்டிப் போயிட்டா இந்த கேம்ல பாதியைப் பார்க்காத மாதிரி.

முதல்ல ஸ்பீடு விஷயம். 1991-ல வந்த முதல் சோனிக்ல ஒரு மேட்டுக்கு முன்னாடி நின்னுட்டீங்கன்னா அவ்ளோதான், கொஞ்சம் பின்னாடி போய் திரும்ப ஓடி வந்து தான் ஏறணும், நடுவுல எதாவது இடிச்சா அந்த வேகமும் போச்சு. ரெண்டாவதுல கீழ் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஜம்ப் பட்டனைத் தட்டினா சோனிக் நின்ன இடத்துலயே பந்து மாதிரி சுருண்டு சுத்தும், தட்டத் தட்ட ஃபோர்ஸ் ஏறும், கீழ் பட்டனை விட்டதும் பாயும். அது தான் ஸ்பின் டேஷ். கேட்டா சின்ன விஷயம், ஆனா இது வந்த பிறகு லெவல் டிசைனே மாறிப்போச்சு, பெரிய பெரிய சரிவு, வளையம் வளையமா லூப், எங்க நின்னாலும் உடனே கிளம்பிடலாம்ங்கிற தைரியத்துல கட்டின லெவல்ங்க அது எல்லாம். அதோட முதல் கேம்ல ஒவ்வொரு ஏரியாவுக்கும் மூணு ஆக்ட், அதாவது மூணு பகுதி, இதுல பெரும்பாலும் ரெண்டு தான், அதனால ஒரு இடம் சலிக்கிறதுக்குள்ள அடுத்த இடம் வந்துடும்.

இதை எங்க செஞ்சாங்கன்னு தெரிஞ்சா இன்னும் ஆச்சரியமா இருக்கும். முதல் கேமோட ப்ரோக்ராமர் யூஜி நாகா, அது முடிஞ்சதும் ஜப்பான் சேகாவை விட்டு வெளிய வந்துட்டார். அவரை அமெரிக்காவுக்கு வரவெச்சது மார்க் செர்னி, அப்போ கலிஃபோர்னியாவுல சேகா டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்னு ஒரு டீமை நடத்திட்டு இருந்தவர் (பின்னாடி பிளேஸ்டேஷன் 4-க்கு ஆர்க்கிடெக்டா இருந்த அதே செர்னி). லெவல் டிசைனர் யாசுஹாராவும் கூட வந்தார். சோனிக்கை வரைஞ்ச ஓஷிமா மட்டும் ஜப்பான்லயே இருந்து சோனிக் சிடிங்கிற இன்னொரு கேம் பண்ணிட்டு இருந்தார். இப்படி ஜப்பான்காரங்களும் அமெரிக்கக்காரங்களும் ஒரே ரூம்ல உக்காந்து, ஒருத்தர் பாஷை ஒருத்தருக்கு சரியா புரியாம, ஏறக்குறைய ஒரு வருஷத்துல முடிச்ச கேம் இது. 1992 நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் ஒரே நாள்ல ரிலீஸ். அந்தக் காலத்துல ஒவ்வொரு நாட்டுக்கும் மாசக்கணக்குல லேட்டா போறது தான் வழக்கம், அதனால அதுவே பெரிய நியூஸ்.

டெயில்ஸை டிசைன் பண்ணது யாசுஷி யமாகுச்சி. நீங்க தனியா ஆடினா, சோனிக்கை வெச்சு என்ன செய்றீங்களோ அதையே டெயில்ஸ் ஒரு கணம் பிந்தி செஞ்சுக்கிட்டு வரும். ஆனா ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கை யாராவது கையில எடுத்துட்டா டெயில்ஸ் அவங்க கன்ட்ரோலுக்கு வந்துடும். செட்டிங்ஸ் போக வேண்டாம், கேமை நிறுத்த வேண்டாம், பட்டனைத் தொட்டா போதும். கீழ வெச்சுட்டு எழுந்து போனா கொஞ்ச நேரத்துல மெஷினே திரும்ப எடுத்துக்கும். இதுல முக்கியமான விஷயம் என்னன்னா டெயில்ஸ் அடி வாங்கினா ஒண்ணும் ஆகாது. சோனிக்குக்கு அடி பட்டா வழியில சேர்த்த தங்க ரிங் எல்லாம் சிதறும், ரிங் இல்லன்னா லைஃப் போகும். டெயில்ஸ் பள்ளத்துல விழுந்தாலும், தண்ணியில மூழ்கினாலும், நசுங்கினாலும் ரெண்டு வாலையும் ஃபேன் மாதிரி சுத்திக்கிட்டு மேலருந்து பறந்து திரும்ப வந்துடும், லைஃப் ஒண்ணு கூட குறையாது.

எங்க வீட்ல அண்ணன் தான் சோனிக், நான் எப்பவும் டெயில்ஸ். கெமிக்கல் பிளான்ட் லெவலோட ரெண்டாவது ஆக்ட் பாஸ் ஞாபகம் இருக்கா, வில்லன் எக்மேன் தன் மெஷின்ல உக்காந்து கெமிக்கலை உறிஞ்சி எடுத்துட்டு வந்து தலையில ஊத்துவானே, அந்த இடம். நடுவுல கொஞ்சம் தரை, ரெண்டு பக்கமும் அப்பப்போ புரளுற பிளாட்ஃபார்ம், புரளும்போது அது மேல நின்னா நேரா பாதாளம் தான். எட்டு அடி அடிச்சா தான் பாஸ் சாவான். அண்ணன் நடுவுல நின்னு தப்பிச்சுக்கிட்டே இருப்பான், நான் போய் மோதுவேன், விழுவேன், பறந்து வருவேன், திரும்ப மோதுவேன். "டேய் நீ போடா, உனக்கு தான் ஒண்ணும் ஆகாதுல்ல"னு அவன் கத்துறது இன்னும் காதுல இருக்கு. நல்லா ஆடத் தெரிஞ்ச பெரிய பையன், பட்டன் எதுன்னு இப்ப தான் கத்துக்கிற சின்னப் பையன், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே கேம்ல இருக்கலாம், சின்னவனால பெரியவனுக்கு நஷ்டமே வராது, ஆனா அவன் அடிக்கிற அடி கணக்குல சேரும். அந்தக் காலத்து ரெண்டு பேர் கேம்ல சின்னவங்களை நல்லா யோசிச்சு வெச்ச இடம்னா நான் இதைத் தான் சொல்லுவேன்.

இதுக்கு மேல தான் கேமோட கடைசிப் பகுதி வருது, நான் சொல்ல வந்ததே அது தான். ஸ்கை சேஸ் லெவல்ல டெயில்ஸ் பிளேன் ஓட்டும், சோனிக் ரெக்கை மேல நிப்பான். அதுவரைக்கும் பின்னாடியே ஓடி வந்தது இப்போ அவனைத் தூக்கிட்டுப் போகுது. அடுத்த லெவல் விங் ஃபோர்ட்ரெஸ் ஆரம்பிக்கும்போதே பிளேனைச் சுட்டு வீழ்த்திடுவாங்க, டெயில்ஸ் கீழ போயிடும். அங்கருந்து ஆடுறது சோனிக் தனியா தான். டெத் எக் லெவல்ல ஒரு ரிங் கூட கிடையாது, முதல்ல எட்டு அடி வாங்குற ஒரு ரோபோ சோனிக், அதுக்கப்புறம் உடனே பன்னெண்டு அடி வாங்குற ராட்சச எக்மேன் ரோபோ, நமக்கு ஒரே ஒரு அடி பட்டா செத்தோம். ரெண்டாவது ஜாய்ஸ்டிக் கையில இருந்தாலும் ஸ்கிரீன்ல அசையிறதுக்கு ஆளே இல்ல. கேம் ஃபுல்லா கூடவே ஒருத்தரை வெச்சுப் பழக்கிட்டு, ரொம்பக் கஷ்டமான இடத்துல அவரை எடுத்துட்டாங்க. ஒரு வசனம் இல்ல, எழுத்து கூட இல்ல, ஆனா சோனிக் தனியா நிக்கிறது நமக்கு உறைக்கும். ஜெயிச்ச பிறகு வானத்துலருந்து விழுற சோனிக்கைப் பிடிக்க அதே பிளேன் வரும் பாருங்க, கேம்ல கிடைக்கிற ஏழு எமரால்ட் கல்லும் சேர்த்திருந்தா பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாம தங்கக் கலர்ல சூப்பர் சோனிக்கா பக்கத்துலயே பறந்து வருவான். அந்த எண்டிங்குக்காகவே எமரால்ட் சேர்க்கலாம்.

குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். எமரால்ட் எடுக்கிற ஸ்பெஷல் ஸ்டேஜ்ல டெயில்ஸ் பிந்தி வர்றதால நீங்க தப்பிச்ச பாம்ல அது போய் இடிச்சு ரிங்கைக் கொட்டும், அங்க மட்டும் தனியா ஆடுறது நல்லது. மெட்ரோபொலிஸ் லெவலுக்கு மட்டும் மூணு ஆக்ட், வேற ஒரு லெவலுக்குப் போட்ட மேப்பை அதைக் கைவிட்ட பிறகு இங்க மூணாவதா சேர்த்துட்டாங்க, இழுவை நல்லாவே தெரியும். ஸ்கிரீனை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பேர் போட்டி போடுற ரேஸ்ல படம் மேலருந்து கீழ நசுங்கின மாதிரி இருக்கும். சேவ் கிடையாது, அது மூணாவது கேம்ல தான் வந்துச்சு. அப்புறம் மிஸ்டிக் கேவ் ரெண்டாவது ஆக்ட்ல முள்ளு போட்ட ஒரு குழி, சூப்பர் சோனிக்கா அதுல விழுந்தா சாகவும் முடியாது ஏறவும் முடியாது, செகண்டுக்கு ஒண்ணா ரிங் தீர்ற வரைக்கும் நிக்க வேண்டியது தான். ஹிடன் பேலஸ்னு ஒரு லெவலையும் டைம் பத்தாம தூக்கிட்டாங்க. 2013-ல கிறிஸ்டியன் வைட்ஹெட்டும் சைமன் தாம்லியும் மொபைலுக்குத் திரும்பப் பண்ணப்போ அந்த லெவலை முடிச்சு வெச்சு, அதுக்கு வழியை எங்க வெச்சாங்க தெரியுமா, அதே முள்ளுக் குழியில. பழைய கேமை அணு அணுவா ஆடினவங்களால தான் அப்படி யோசிக்க முடியும்.

இப்ப முதல் தடவை ஆடப்போறீங்கன்னா மெனுவுல சோனிக்கும் டெயில்ஸும் சேர்ந்து வர்ற ஆப்ஷனையே எடுங்க, வீட்ல தம்பி தங்கச்சியோ பசங்களோ இருந்தா ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கை அவங்ககிட்ட குடுங்க, முக்கியமா கெமிக்கல் பிளான்ட் பாஸ்ல அவங்களை முன்னாடி அனுப்புங்க.