பத்துப் பாத்திக்கும் ஒரேயடியாகத் தண்ணீர்

அன்பின் அண்ணா,

கொக்குவிலில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ரீம் லீட் ஆக இருக்கிறேன். லண்டனில் மூன்று கிளைகள் வைத்திருக்கும் ஒரு பாமசிக்கு மருந்து இருப்புக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். நாங்கள் ஏழு பேர்: ஐந்து டெவலப்பர்கள், ஒரு ரெஸ்ரர் (சோதித்துப் பார்ப்பவர்), நான். எட்டு மாதங்களுக்கு முன் ஸ்க்ரமுக்கு, அதாவது வேலையைச் சிறு சுற்றுகளாகச் செய்யும் அஜைல் முறைக்கு, மாறினோம். ஒரு சுற்று, அதாவது ஸ்பிரின்ற், இரண்டு கிழமை. ஒவ்வொரு தடவையும் 14 ரிக்கெற் (தனித்தனி வேலைத் துண்டு) எடுக்கிறோம், ஏழுதான் முடிகிறது. மிச்சம் அடுத்த ஸ்பிரின்றுக்குப் போகிறது. கடைசி இரண்டு நாளில் எல்லாம் ரெஸ்ரரின் மேசையில் வந்து விழும். காலையில் நின்றபடி நடத்தும் ஸ்ராண்ட்-அப் கூட்டம் 40 நிமிடம் இழுபடுகிறது. ஸ்பிரின்ற் முடிவில் வேலைமுறையைத் திரும்பிப் பார்க்கும் ரெற்றோவில் “என்ன பிரச்சினை?” என்று கேட்டால் எல்லாரும் நிலத்தைப் பார்க்கிறார்கள். முதலாளியோ வெலோசிற்றியை, அதாவது ஒரு ஸ்பிரின்றில் முடியும் வேலையின் அளவை, 20 வீதம் கூட்டச் சொல்கிறார், வேண்டுமென்றால் புதிதாக இரண்டு பேரை எடுத்துத் தருகிறேன் என்கிறார். அஜைல் எங்கள் ஆட்களுக்குச் சரிவராதா? பழையபடி முழுத் திட்டத்தையும் முதலிலேயே எழுதிவிட்டுச் செய்வதுதான் நல்லதா?

க., கொக்குவில்

அன்பின் தங்கைக்கு,

வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறுகிற எவரும் பத்துப் பாத்தியின் வாயையும் ஒரேயடியாகத் திறந்துவிடுவதில்லை. திறந்தால் மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், வாய்க்கால் நிரம்பித்தான் தெரியும், ஆனால் ஒரு பாத்தியின் கடைசி மூலைக்கும் தண்ணீர் போய்ச் சேராது. உங்கள் ரீமில் நடப்பது இதுதான். ஆட்களில் பிழை பிடிக்கமுன் கணக்கைப் பாருங்கள்.

திறந்து கிடக்கும் வேலை 14. பத்து வேலைநாளில் முடிவது ஏழு, அதாவது நாளொன்றுக்கு 0.7. பதினான்கை 0.7 ஆல் பிரித்தால் 20. ஒரு ரிக்கெற் தொடங்கி முடிய உங்களிடம் சராசரியாக 20 வேலைநாள் பிடிக்கிறது. ஸ்பிரின்றோ பத்து நாள். பிறகு எப்படி உள்ளே அடங்கும்? இது ஜோன் லிற்றில் 1961இல் நிறுவிய வரிசை விதி; வங்கி வரிசைக்கும் இதே கணக்குத்தான். அதே ரீம், அதே வேகத்தில், ஒரு நேரத்தில் ஐந்து வேலைகளை மட்டும் திறந்து வைத்திருந்தால் ஐந்தை 0.7 ஆல் பிரித்து ஏழு வேலைநாள். யாரும் கூடுதலாக ஒரு மணித்தியாலம் இருந்து வேலை செய்யவில்லை, ஒரு வேலை முடிகிற காலம் மட்டும் மூன்றில் ஒன்றாகிவிட்டது.

ஆகவே முதலில், ரிக்கெற்றுகளை நிரல் நிரலாக ஒட்டும் போர்ட்டில், ஒவ்வொரு நிரலிலும் ஒரே நேரத்தில் எத்தனை இருக்கலாம் என்று எல்லை போடுங்கள். செய்கையில் மூன்று, ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்கும் றிவியூவில் ஒன்று, ரெஸ்ரிங்கில் ஒன்று, மொத்தம் ஐந்து. டெவலப்பர்கள் ஐந்து பேர் இருக்க செய்கையில் மூன்றுதானா என்று கேட்பார்கள். அது வேண்டுமென்றே வைத்த குறைவு. ஒருவர் தன் வேலையை முடித்துவிட்டுப் பார்க்கும்போது மூன்று இடமும் நிரம்பியிருந்தால் புதிதாக எதையும் எடுக்க முடியாது. அப்போது அவர் காத்துக்கிடக்கும் றிவியூவைப் பார்ப்பார், அல்லது ரெஸ்ரருக்குச் சோதனைத் தரவு தயாரித்துக் கொடுப்பார், அல்லது திணறுகிற ஒருவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பார். இருவர் ஒரே புரோகிராம் கோட்டைப் பார்ப்பதால் வேறொரு நன்மையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் கனடா விசா யாருக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு பகுதியை ஒருவர் மட்டுமே அறிந்திருக்கும் ரீம் அவருடைய விமான ரிக்கெற்றோடு நின்றுபோகும்.

இந்த எல்லை எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் கிழமையில் யாரோ ஒருவர் ‘தடைப்பட்டது’ என்று ஒரு புது நிரலைப் போர்ட்டில் சேர்ப்பார். வேறொருவர் ‘அநேகமாக முடிந்தது’ என்று ஒன்று திறப்பார். இரண்டும் வேலையை ஒளித்து வைக்கிற இடங்கள். தடைப்பட்ட ரிக்கெற்றும் அதே நிரலிலேயே, சிவப்பு அடையாளத்தோடு, எல்லைக்குள் எண்ணப்பட வேண்டும். அது அங்கே கிடந்து இடத்தை அடைத்து எல்லாருக்கும் கரைச்சல் கொடுத்தால்தான் தடையை எடுக்கிற அவசரம் வரும்.

எல்லை போட்டாலும் ரெஸ்ரரின் மேசைப் பிரச்சினை பாதிதான் தீரும். மீதி, நீங்கள் வேலையைத் துண்டு போடும் விதத்தில் இருக்கிறது. தரவுத்தளத்துக்கு ஒரு ரிக்கெற், தரவுத்தளத்தையும் திரையையும் இணைக்கும் ஏபிஐக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று பிரிக்கிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். பெரும்பாலான ரீம்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. அப்படிப் பிரித்தால் மூன்றாவது முடியும்வரை ரெஸ்ரர் தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை. மூன்றும் ஒன்பதாம் நாள் சேரும், பத்தாம் நாள் அவர் பக் (பிழை) கண்டுபிடிப்பார், திருத்தம் அடுத்த ஸ்பிரின்றுக்குப் போகும்.

குறுக்கே வெட்டாமல் மேலிருந்து கீழாக வெட்டுங்கள். ‘காலாவதியாகப்போகும் மருந்துகள்’ என்பது ஒரு பெரிய வேலை என்று வைப்போம். முதல் துண்டு: ஒரேயொரு கிளைக்கு, 30 நாளுக்குள் காலாவதியாகும் மருந்துகளின் வெறும் பட்டியல். அச்சிடவும் வேண்டாம், நிறமும் வேண்டாம். அடுத்தது மூன்று கிளைகளுக்கும். அதன்பின் அச்சு. கடைசியாக மின்னஞ்சல் எச்சரிக்கை. ஒவ்வொன்றும் ஓரிரு நாள் வேலை, ஒவ்வொன்றையும் லண்டனில் இருப்பவர் திறந்து பார்க்கலாம். மூன்றாவதோடு அவரே “எச்சரிக்கை இப்போது தேவையில்லை” என்று சொல்லவும் கூடும். அப்போது செய்யாமல் விட்ட அந்த நான்காவது துண்டுதான் உங்களுக்கு வந்த ஆதாயம்.

துண்டு போட்டதும் கோட் எழுதத் தொடங்கமுன் 20 நிமிடம் மூன்று பேர் இருந்து கதைக்க வேண்டும்: செய்யப்போகிற டெவலப்பர், ரெஸ்ரர், பாமசியின் தேவை தெரிந்தவர். பொதுவாகக் கதைத்தால் பலனில்லை, உதாரணங்களாகக் கதைக்க வேண்டும். ஓகஸ்ற் 1ஆம் திகதி பட்டியலைத் திறந்தால் ஓகஸ்ற் 31 காலாவதியாகும் பெட்டி வரவேண்டும், செப்ரெம்பர் 1 உள்ளது வரக்கூடாது. ஏற்கெனவே காலாவதியானது இதே பட்டியலிலா, வேறொன்றிலா? பெட்டியில் மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிட்டிருந்தால்? அப்படியான மருந்து அந்த மாதத்தின் கடைசி நாள்வரை செல்லும். டெவலப்பர் அதை மாதத்தின் முதலாம் திகதி என்று பதிந்துவிட்டால் நல்ல மருந்து ஒரு மாதம் முந்தியே குப்பைக்குப் போகும். இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் பெரும்பாலும் ரெஸ்ரராகத்தான் இருப்பார். அவரைப் பத்தாம் நாள் மட்டும் கூப்பிட்டால் கேள்வியும் பத்தாம் நாள்தான் வரும்.

ஸ்ராண்ட்-அப். ஏழு பேர், 40 நிமிடம்: நாளொன்றுக்கு 280 நிமிடம், ஸ்பிரின்றுக்கு 46 மணித்தியாலத்துக்கு மேல். ஒருவருடைய முழுக் கிழமையை விடக் கூடுதலான நேரம் நின்றுகொண்டே போகிறது. நீளுவதற்குக் காரணம், ஒவ்வொருவரும் உங்களைப் பார்த்து ஒப்புவிப்பதுதான். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன என்ற மூன்று கேள்விகளும் ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பிலேயே எடுக்கப்பட்டுவிட்டன. 15 நிமிட எல்லை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆளைக் கேட்பதை விட்டு ரிக்கெற்றைக் கேளுங்கள். போர்ட்டின் வலது கரையிலிருந்து, முடிவதற்கு மிகக் கிட்ட நிற்கும் ரிக்கெற்றில் தொடங்கி, “இது இன்றைக்கு முடிய என்ன வேண்டும்?” என்று மட்டும். ஐந்து ரிக்கெற்றுக்கு 15 நிமிடம் தாராளம். நீங்கள் போர்ட்டுக்கு முன்னால் நிற்காமல் எல்லாருக்கும் பின்னால் நில்லுங்கள். கிழமைக்கு ஒருவர் நடத்தட்டும்.

இனி ரெற்றோவின் மௌனம். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமாகப் பட்டது இதுதான். எங்கள் வகுப்பறைகளில் கேள்வி கேட்டவனுக்கு என்ன கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து உங்கள் ரீமில் இருக்கிறார்கள். இன்னொன்று, எங்கள் ‘ஓம்’. “வெள்ளிக்கிழமைக்குள் முடியுமோ?” என்று ஒரு லீட் கேட்டால் “ஓம்” என்று வரும். பாதி நேரம் அதற்கு ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதற்கு மேல் அர்த்தமில்லை. முடியாது என்று மூத்தவர் முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு என்று ஊறிப்போயிருக்கிறது. ஓம் என்று பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்பதையே விடுங்கள். “இதில் எந்த இடம் இன்னும் விளங்கவில்லை?”, “முதலில் எந்தக் கோப்பைத் தொடுவீர்கள்?” என்று கேளுங்கள். விளங்காதவரிடம் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்காது, அதிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ரெற்றோவுக்கு முதலாளி வரக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சம்பளம் போடுகிறவர் இருக்கும் அறையில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். நீங்களும் கடைசியாகவே கதையுங்கள். ‘என்ன பிரச்சினை’ என்று கேட்டால் யாருடைய பிழை என்றுதான் காதில் விழும். பதிலாக, அந்த ஸ்பிரின்றில் மிக நீண்ட நாள் இழுபட்ட ரிக்கெற்றை எடுத்து நடுவில் வையுங்கள். அது எத்தனை நாள் செய்கையில் இருந்தது, எத்தனை நாள் றிவியூவுக்குக் காத்திருந்தது, எத்தனை நாள் லண்டன் பதிலுக்காகக் கிடந்தது என்று ரிக்கெற்றுகளைப் பதியும் ஜிரா மென்பொருளிலேயே திகதியோடு இருக்கும். ஐந்து நிமிடம் எல்லாரும் பெயர் போடாமல் துண்டுக் கடதாசியில் எழுதட்டும், ஒருவர் சேர்த்து வாசிக்கட்டும். ஒரேயொரு மாற்றத்தை மட்டும் தெரிந்தெடுத்து, யார், எப்போதைக்குள் என்று எழுதி, அதையும் ரிக்கெற்றாகப் போர்ட்டில் ஒட்டுங்கள். அடுத்த ரெற்றோ அதிலிருந்து தொடங்கவேண்டும். முதல் இரண்டு தடவை சும்மா சில்லறை விசயங்கள்தான் எழுதுவார்கள்: ஏசி, தேத்தண்ணி, இணைய வேகம். அவற்றைச் செய்து காட்டுங்கள். தேத்தண்ணிக்குச் சொன்னது நடக்கிறது என்று கண்டபிறகுதான் றிவியூவில் தன்னைக் குத்திக் கதைத்ததை ஒருவர் எழுதுவார்.

வெலோசிற்றியைக் கணக்கிடுவது வேலையின் பருமனுக்கு ரீம் போடும் பொயின்றில்தான், ஆகவே அதை 20 வீதம் கூட்டுவது சுலபம். நேற்று மூன்று பொயின்ற் போட்ட வேலைக்கு நாளை ஐந்து போடுவார்கள், முதலாளி சந்தோசப்படுவார், பாமசிக்கு ஒன்றும் கூடுதலாகப் போய்ச் சேராது. பொயின்ற் என்பது ரீம் தனக்குள் வைத்திருக்கும் அளவுகோல். அதை இலக்காக்கினால் கோல் சுருங்கும், துணி நீளாது. அவருக்கு வேறு இரண்டு எண்களைக் காட்டுங்கள்: ஒரு ரிக்கெற் தொடங்கி முடிய எத்தனை நாள், லண்டனுக்குப் போனபின் திரும்பி வந்த பக் எத்தனை. எப்போது முடியும் என்று கேட்டால் வீச்சாகச் சொல்லுங்கள். கடந்த ஆறு ஸ்பிரின்றில் குறைந்தது நான்கு, கூடியது எட்டு முடிந்திருந்து, இன்னும் 30 ரிக்கெற் இருந்தால் நான்கிலிருந்து எட்டு ஸ்பிரின்ற். ஒற்றைத் திகதி கேட்டு அடம்பிடிப்பார். அந்தத் திகதி பொய் என்பதைக் காட்ட அவருடைய பழைய திகதிகளே போதும்.

புது ஆட்கள் இருவர் இப்போது வேண்டாம். ஏழு பேருக்கிடையில் 21 சோடித் தொடர்புகள், ஒன்பது பேருக்கிடையில் 36. பிந்திப்போன வேலைக்கு ஆள் சேர்த்தால் மேலும் பிந்தும் என்று மென்பொருள் பொறியியலாளர் பிரெட் புறூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். முதலாளிக்குச் செலவழிக்க மனமிருந்தால் இன்னொரு ரெஸ்ரரை எடுக்கட்டும், அதுவும் எல்லை போட்டு ஒரு மாதம் பார்த்த பிறகு.

திட்டமிடும்போது நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். ஏழு பேர், பத்து நாள், 70 ஆள்நாள் என்று எழுதிவிட்டு போயா (பௌர்ணமி) விடுமுறையை மறந்துவிடுகிறோம். நல்லூர்த் திருவிழா 25 நாள். தேரன்றும் தீர்த்தத்தன்றும் கந்தோரில் யார் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும், பூங்காவனத்துக்கு அடுத்த நாள் வருகிறவர்களும் பாதித் தூக்கத்தில்தான் வருவார்கள். லண்டன் நேரம் கோடையில் எங்களைவிட நான்கரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் ஐந்தரையும் பிந்தியது. அங்கே காலை ஒன்பது இங்கே ஒன்றரை அல்லது இரண்டரை. கேள்விகளை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எழுதி அனுப்பிவிட்டால் அன்றைக்கே பதில் வர வாய்ப்புண்டு. பின்னேரம் ஐந்து மணிக்கு நினைவு வந்து அனுப்பினால் ஒரு நாள் போய்விடும். அங்கே பதில் சொல்லப் பொறுப்பான ஒருவரை பாமசி பெயர் சொல்லி நியமிக்காவிட்டால் மேலே சொன்ன எதுவும் பெரிதாக உதவாது.

பழையபடி திரும்புவதா என்று கேட்டீர்கள். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில் ஸ்ராண்ட்-அப்பும் இல்லை, பொயின்றும் இல்லை. இயங்கும் மென்பொருளை ஓரிரு கிழமைக்கும் ஓரிரு மாதத்துக்கும் இடையில் கொடு, அடிக்கடி நின்று உன் வேலைமுறையைத் திருத்து என்ற அளவில்தான் அதோடு சேர்ந்த கோட்பாடுகள் இருக்கின்றன. அந்த இரண்டும் உங்கள் ரீமில் இன்னும் நடக்கவே இல்லை. நடக்காத ஒன்று சரிவந்ததா என்று எப்படிச் சொல்வது? முழுத் திட்டத்தை முன்கூட்டி எழுதினாலும் 14 வேலையை ஒரேயடியாகத் திறந்தால் இதே 20 நாள்தான்.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை மாற்ற வேண்டாம், அதுவும் பத்துப் பாத்தியைத் திறக்கிற வேலைதான். இந்த ஸ்பிரின்றில் எல்லையும் ஸ்ராண்ட்-அப்பும். அடுத்ததில் துண்டு போடுதலும் மூன்று பேர் கதையும். எல்லை போட்ட முதல் நாள் காலை, திறந்து கிடக்கும் 14இல் ஒன்பதைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும். எதை வைப்பது என்று லண்டனைக் கேட்டுத் தீர்மானியுங்கள். நான்கு கிழமை கழித்து, ஒவ்வொரு ரிக்கெற்றும் தொடங்கிய திகதியையும் முடிந்த திகதியையும் மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். ரெஸ்ரிங்கில் இன்னும் வரிசை நின்றால் எங்கே அடைக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.