மாஸ்டர் பக்கமா, கோச் பக்கமா?

கேள்வி: பத்து வருடமாக ஜூடோ பழகுகிறேன். வயது 24. எங்கள் பயிற்சி மையத்தில் சிறுவர் வகுப்புக்கு உதவியாகவும் இருக்கிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் பழைய முறைக்காரர். மண்டியிட்டு வணங்குவது, கண் மூடி அமர்வது, கதா (முன்கூட்டியே வகுத்த அசைவுகள்), 200 உச்சிகோமி (எறியாமல் எறியின் நுழைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது), எதையும் குறைக்க விடமாட்டார். புதிதாக வந்திருக்கும் கோச், ‘இதெல்லாம் சடங்கு, நேரம்தான் வீண்’ என்று சொல்லி வீடியோ, எடைப் பயிற்சி, விளையாட்டு வழிப் பயிற்சி என்று போகிறார். போன வாரம் ஒரு சிறுவன் ஓசோட்டோ-காரி என்ற எறியில் விழுந்து தலையை இடித்துக்கொண்டான். மாஸ்டர், ‘எழுந்து வணங்கிவிட்டு அடுத்த ஆளோடு போடு’ என்றார். கோச், ‘வேண்டாம், அவன் உட்காரட்டும்’ என்று தடுத்தார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பையன்.

அவன் வீட்டுக்கு இன்றே போன் செய்யுங்கள். தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கம், பேச்சில் தடுமாற்றம் என்று ஏதாவது இருந்ததா, இப்போது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லை என்றாலும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவன் மேட்டில் (பயிற்சி மெத்தையில்) ஏறக் கூடாது. இதில் மட்டும் நான் யோசிக்கவே மாட்டேன், கோச் சொன்னதுதான் சரி.

ஓசோட்டோ-காரியில் எதிராளியின் காலைப் பின்னாலிருந்து வாரி எடுக்கிறோம். விழுகிறவர் நேராக மல்லாந்து விழுவார், எங்கே விழுகிறோம் என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. தாடையை நெஞ்சோடு சேர்க்கத் தெரியாத பிள்ளை என்றால் பின்மண்டைதான் முதலில் தரையைத் தொடும். அந்த உலுக்கலில் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் இருக்கும் ரத்தக்குழாய் கிழியலாம். ஜப்பானில் 1983-க்குப் பிந்தைய ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில், பள்ளி ஜூடோவில் 100-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். தலைக்காயம்தான் பெரிய காரணம். இறந்தவர்களில் பலர் பழக ஆரம்பித்துச் சில மாதங்களே ஆன முதல் வருட மாணவர்கள். ஜூடோ பிறந்த நாட்டில், ரெய்யும் (வணக்கம்) மொகுசோவும் (கண் மூடி அமர்வது) ஒரு நாள்கூடத் தவறாத இடங்களில் நடந்தது இது. வணக்கம் எந்த மண்டையையும் காப்பாற்றவில்லை.

இதை எழுதும்போது கை கனக்கிறது. நான் பழகிய காலத்தில், பயிற்சி முடியும்வரை தண்ணீர் தொடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. தாகத்தை அடக்கினால் மனஉறுதி வளரும் என்றார்கள், நானும் நம்பினேன். எனக்குப் பின்னால் வந்த சின்னப் பிள்ளைகளிடம் அதையே சொல்லவும் சொன்னேன். தோழி ஒருத்தி ராண்டோரி என்ற மோதல் பயிற்சியின் நடுவில் என் கையிலேயே துவண்டு சரிந்தபோதுதான் புரிந்தது. அந்த விதியை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று எங்களில் ஒருவருமே கேட்டதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாஸ்டர் ‘பாரம்பரியம்’ என்கிறார், கோச் ‘சடங்கு’ என்கிறார். இருவரும் ஒரே மூட்டையைத்தான் சுட்டுகிறார்கள். அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் ஒரு கோயிலில், 12 பாய் விரித்த அறையில் கோடோகான் என்ற தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 22 வயதுகூட நிறையவில்லை. அதுவரை ஜூஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையின் பல பள்ளிகளில் கதாதான் பாடம். முன்கூட்டியே வகுத்த அசைவுகளை இருவர் சேர்ந்து அப்படியே செய்ய வேண்டும். கானோ ஆபத்தான பிடிகளை கதாவுக்குள் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியை வைத்து ராண்டோரியை, அதாவது இருவரும் முழு பலத்தோடு மோதிப் பழகுவதை, பயிற்சியின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் கல்வியாளர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். ஒரு எறியை எடுத்துக்கொண்டு எதிராளியின் சமநிலை எங்கே குலைகிறது என்று அலசி, அதற்குக் குசுஷி என்று பெயரிட்டுப் பாடமாக்கினார். பழையதை அப்படியே வைத்துக்கொள்ளும் மனிதராக இருந்திருந்தால் ஜூடோ என்ற ஒன்றே வந்திருக்காது. உங்கள் மாஸ்டர் தினமும் வணங்கும் படத்தில் இருப்பவர் அந்தக் காலத்துப் ‘புதிய கோச்’தான்.

நாம் ஆதிகாலத்தது என்று நினைப்பதில் பாதி அப்படி இல்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் வரும் வண்ண பெல்ட்டுகளைப் பரப்பியவர் பாரீசில் கற்றுக்கொடுத்த மிகினோசுகே கவாய்ஷி. பயிற்சிக்கூடச் சுவர்களில் தொங்குகிற எட்டு நற்குணங்களின் பட்டியலும் பிரான்ஸிலிருந்து வந்ததுதான். அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் ‘காலங்காலமாக இருக்கிறது’ என்பதை மட்டும் ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் வணக்கத்தையும் கைவிட்டுவிடலாமா? கூடவே கூடாது. இதில் கோச் தவறு செய்கிறார் என்று உறுதியாகச் சொல்வேன்.

எறிவதற்கு முந்தைய அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். உங்கள் இடது கையில் எதிரே நிற்பவரின் சட்டைக் கை, வலது கையில் கழுத்துப் பட்டை. அவர் தன் உடம்பு முழுவதையும் உங்கள் பிடியில் கொடுத்திருக்கிறார். எறிந்த பிறகும் அந்தச் சட்டைக் கையை விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறீர்களே, அதனால்தான் அவர் தலை தரையில் மோதாமல் தப்புகிறது. ரெய் என்பது அந்தச் செயலுக்கு முன்கூட்டியே தரும் வாக்கு. ‘என் உடம்பை உன்னிடம் தருகிறேன், பத்திரமாகத் திருப்பிக் கொடு’ என்று இருவரும் குனிந்து சொல்லிக்கொள்கிறோம். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னால் மூன்று நொடியில் முடிகிற வணக்கம் போதும். சொல்லாவிட்டால் பத்து நிமிடம் மண்டியிட்டாலும் முழங்கால்தான் வலிக்கும். மத நம்பிக்கை காரணமாகப் படத்தை வணங்கத் தயங்கும் பிள்ளை இருந்தால் அமைதியாக நிற்கட்டும், வற்புறுத்த வேண்டாம்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க், ஜப்பானின் அகியோ காமினாகாவை அமுக்கிப் பிடித்து வென்றார். நெதர்லாந்து ரசிகர்கள் மகிழ்ச்சியில் மேட்டை நோக்கி ஓடி வந்தார்கள். அவர் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார், முறைப்படி வணங்கிவிட்டுத்தான் இறங்கினார். தோற்றுக் கிடந்தவரின் மரியாதையைக் காத்த கை அது. அடுத்து லண்டன் 2012. ஜப்பான் ஆண்கள் அணிக்கு ஒரு தங்கம்கூடக் கிடைக்கவில்லை. அதன்பின் அந்த அணியின் தலைமைக் கோச்சாகப் பொறுப்பேற்ற கோசெய் இனோவே உடற்பயிற்சி அறிவியலைக் கொண்டுவந்தார், மற்ற நாட்டு மல்யுத்த முறைகளையும் படிக்க வைத்தார். ரியோ 2016-ல் ஏழு எடைப் பிரிவிலும் ஆண்கள் பதக்கம் வாங்கினார்கள். அந்த அணியில் தங்கம் வென்ற ஷோஹெய் ஓனோ மேட்டின் மேல் சிரிக்கக்கூட இல்லை. எதிரே ஒரு மனிதர் தோற்று நிற்கிறார் என்பதால் வணங்கி வெளியேறினார். புதிய முறையும் பழைய மரியாதையும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உச்சிகோமியில் கோச்சுக்கு நியாயம் இருக்கிறது. நின்ற இடத்தில் நிற்கும் துணையை வைத்து 200 முறை செய்தால் நுழைவு மட்டும்தான் பழகும். கடைசி நூறில் கால் சோர்ந்து தவறான அசைவுதான் உடம்பில் பதியும். நகர்ந்துகொண்டே முப்பது செய்யட்டும், பிறகு தடித்த மெத்தையில் எறிந்து முடிக்கட்டும். கதாவை மாஸ்டரிடமே விடுங்கள். எறிகளுக்கான கதாவான நாகே-நோ-கதாவின் 15 எறிகளையும் இரண்டு பக்கமும் பொறுமையாகச் செய்தவர்களுக்கு விழுவதில் பயம் போய்விடும். வீடியோவால் அதைத் தர முடியாது.

மாஸ்டரிடம் பேச வேண்டியவர் நீங்கள்தான். கோச் சொன்னால் அது சண்டையாகும், நீங்கள் சொன்னால் அவர் காதில் ஏறும். வகுப்புக்கு அரை மணி முன்னால் போங்கள், தனியாக. ‘மாஸ்டர், புதுப் பிள்ளைகளுக்கு ஓசோட்டோ-காரியை மூன்று மாதம் தள்ளிப்போடலாமா? அதுவரை உகெமியை நீங்களே எடுங்களேன்’ என்று கேளுங்கள். உகெமி என்றால் அடிபடாமல் விழும் பயிற்சி. ‘பெல்ட் முடிச்சைப் பார்’ என்று சொல்லிச் சொல்லித்தானே உங்களுக்கும் தாடையை மடக்கப் பழக்கியிருப்பார்? அந்தக் குரல் இப்போது அந்தச் சிறுவர்களுக்கு வேண்டும். தலையில் அடிபட்டால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது என்பதை மட்டும் கெஞ்சலாகச் சொல்லாதீர்கள். மரியாதையோடு, ஆனால் முடிவாகச் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மையத்தின் நிர்வாகத்திடம் போவதில் துரோகம் எதுவும் இல்லை.

பையன் எப்படி இருக்கிறான் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.