வாசகர் கேள்விகள்: கிருஷ்ணாபுரத்துக் கர்ணனும் மீம்ஸும்

கே: திருநெல்வேலி பக்கத்துக் கிருஷ்ணாபுரம் கோயிலின் கர்ணன் சிற்பத்தை வைத்து மீம் போடுகிறேன். எழுத்து உடைகிறது, நாலு குரூப் தாண்டினால் படமும் மங்குகிறது. என்ன செய்ய?
– பாளையங்கோட்டை வாசகர்

ப: முதலில் படத்தைச் சரி செய்யுங்கள். அந்தச் சிற்பங்களின் பெருமையே நகமும் நரம்பும் கல்லில் தெரிவதுதான். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் நிழல் போய்விடும், நரம்பும் தெரியாது. கோயிலில் அனுமதி கேட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். 1080-க்கு 1080 பிக்சலில் வெட்டும்போது நாகாஸ்திரமும் உள்ளே இருக்கட்டும். அது இல்லாவிட்டால் யாரோ ஒரு ராஜா. செஞ்சோற்றுக் கடன் பற்றி என்ன எழுதினாலும் எடுபடாது.

'கொ' எழுதினால் கொம்பு பின்னால் போய் நிற்கிறதா? யூனிகோடில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் பதிவாகும். கொம்பை முன்னால் காட்டுவது மென்பொருளின் வேலை. பழைய பதிப்புகள் அதைச் செய்வதில்லை. போட்டோஷாப் என்றால் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கானதைத் தேர்ந்தெடுத்து, புதுக் கோப்பில் தட்டச்சுங்கள்.

எழுத்து உயரம் 60 பிக்சலுக்குக் குறையக் கூடாது. வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு 4 பிக்சல் போதும். தடித்தால் புள்ளி அடைபடும், ண-வின் சுழி மூடிக்கொள்ளும். வரிக்கு நாலு சொல், மொத்தம் இரண்டு வரி.

மங்கலுக்குக் காரணம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து எடுத்து மறுபடி ஏற்றுவது. ஒவ்வொரு முறையும் படம் சுருக்கப்படுகிறது. மூலப்படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கே: கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த காலண்டர் முருகனைப் பயன்படுத்தலாமா?
– கயத்தாறு வாசகர்

ப: அவர் மறைந்தது 1976-இல். ஓவியர் மறைந்தபின் 60 ஆண்டு பதிப்புரிமை, அதாவது 2036 முடியும்வரை. சீடரும் சேர்ந்து வரைந்ததென்றால் கடைசியாக மறைந்தவரிலிருந்து கணக்கு. உரிமையாளரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

கே: சுடலைமாடன் மீம் தப்பா?
– நாங்குநேரி வாசகர்

ப: கும்பகர்ணனின் தூக்கமும் சகுனியின் தாயமும் பேச்சிலேயே பழகியவை. மாடன் அப்படியல்ல, பல குடும்பங்களுக்குக் குலதெய்வம், கொடை என்கிற கோயில் விழா கொடுத்துக் கும்பிடுகிற சாமி. சாமியாடியின் முகத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அருள் வந்து ஆடுகிறவரிடம் சம்மதம் கேட்க முடியாது. வில்லுப்பாட்டில் வருவதை மட்டும் தொடுங்கள்: விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, பசி தாங்காமல் நடுராத்திரி சுடுகாட்டுக்கு இறங்கிப் போனது. விடுதி மாணவர் எவருக்கும் அந்தப் பசி புரியும். படமாகக் கோட்டோவியம் போதும். வெளியிடுமுன் கொடை நடத்தும் பெரியவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.